நனைக்காத மழைக்கு ஒரு தாழ்வாரம்

போன கோடை விடுமுறைக்கு அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். நாலாம் வகுப்பு முடித்தவன். என் மைன்கிராஃப்ட் உலகத்தைத் திறந்து காட்டச் சொன்னான். அதில் மலைச்சரிவில் ஒரு வீடு கட்டியிருந்தேன். வேலை முடிந்து வந்து, ராத்திரிகளில் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று மாத உழைப்பு. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பால்கனி, அதைத் தாங்கக் கீழே பாறையிலிருந்து எழும் நான்கு மரத்தூண்கள். அவன் வீட்டுக்குள்கூட நுழையவில்லை. நேராகக் கீழே இறங்கி, கோடரியை எடுத்து, தூண்களை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தான். "டேய், டேய்" என்றேன்.

"இது எதுக்கு மாமா? இது இல்லாமலே நிக்குமே."

நின்றது. நான்கு தூணும் போன பிறகு பால்கனி இம்மிகூட அசையாமல் அந்தரத்தில் நின்றது. மைன்கிராஃப்டில் மணல், சரளை மாதிரி ஒரு சில பொருட்களைத் தவிர எதற்கும் எடை கிடையாது. மரத்தின் அடியை வெட்டினால் மேல்பாதி அப்படியே காற்றில் தொங்கும். ஆட ஆரம்பித்த முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் தெரிந்துகொள்கிற விஷயம். எனக்கும் தெரியும். ஆனாலும் அவன் ஊருக்குப் போன அன்று ராத்திரியே நான்கு தூண்களையும் திரும்ப வைத்தேன். ஏன் வைத்தேன் என்று யோசித்ததில் வந்தது இந்தக் கட்டுரை.

ஆடியே பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009இல் வெளியிட்டு, 2011இல் முழு வடிவம் பெற்ற விளையாட்டு இது. உலகமே ஒரு மீட்டர் கனச்சதுரங்களால் ஆனது. மண், கல், மரம் எல்லாம் பிளாக். எடுக்கலாம், வைக்கலாம். என்ன கட்ட வேண்டும், எதற்குக் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வெறுமையை நிரப்பத்தான் யூடியூபில் ஆயிரக்கணக்கான 'ஐடியா' வீடியோக்கள் இருக்கின்றன. வீட்டுக்கு ஐம்பது ஐடியா, பாலத்துக்கு இருபது, தோட்டத்துக்கு முப்பது. நான் இவற்றை வெட்கமில்லாமல் பார்க்கிறவன். சில ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயிருக்கின்றன.

சுவர் தட்டையாக இருக்கக் கூடாது, மூலைத்தூண்களை ஒரு பிளாக் வெளியே தள்ளு. கூரையின் அடியில் படி பிளாக்கைத் தலைகீழாக வை. ஜன்னலின் இரண்டு பக்கமும் பொறிக்கதவை மாட்டு, ஜன்னல் கதவு மாதிரி தெரியும். கூரையைச் சுவரோடு முடிக்காதே, ஒரு பிளாக் வெளியே நீட்டு. எல்லாமே நல்ல யோசனைகள். செய்து பார்த்தால் வீடு சட்டென்று உயிர் பெறுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஏன் என்று அந்த வீடியோக்கள் சொல்வதே இல்லை. 'ஆழம் கிடைக்கும்' என்பார்கள், அவ்வளவுதான்.

எனக்குத் தோன்றுவது இது. அந்த யோசனைகளில் பெரும்பாலானவை, விளையாட்டில் இல்லாத ஒரு விதிக்குக் கட்டுப்படுகிற காரியம். தலைகீழ்ப் படி ஏன் அழகாக இருக்கிறது? கூரையின் பாரத்தைச் சுவருக்கு இறக்கும் தாங்குகட்டையை நம் கண் அங்கே தேடுகிறது. பாரமே இல்லை, ஆனால் கண்ணுக்கு அது தெரியாது. கூரை ஏன் வெளியே நீள வேண்டும்? சாரல் சுவரில் அடிக்கும். மைன்கிராஃப்ட் மழை வயலை ஈரமாக்கும், நெருப்பை அணைக்கும், ஆனால் சுவரை ஒன்றும் செய்யாது. இருந்தும் தாழ்வாரம் இல்லாத வீடு மொட்டையடித்த தலை மாதிரி இருக்கிறது. என் தூண்களின் அடியில் ஒரு பிளாக் கல் வைத்திருந்தேன், மரம் நேராக மண்ணில் பட்டால் கரையான் அரிக்குமே என்று. அந்த உலகத்தில் கரையானே கிடையாது.

(வேலையில் எனக்கு நேர்வது இதற்கு நேர்மாறு. யாருக்கும் பயன்படாத தூண் என்று நினைத்து நாலு வரி நிரலை அழிப்பேன். மூன்று வாரம் கழித்து வேறெங்கோ ஒரு பால்கனி இடிந்து விழும்.)

இதில் காலம் என்பது இன்னும் விசித்திரமான விதி. மைன்கிராஃப்ட் கல்சுவர் பழசாவதே இல்லை. இன்று கட்டிய கோட்டை பத்து வருஷம் கழித்துத் திறந்தாலும் இன்று கட்டியது போலவே இருக்கும். அதனால் நல்ல கட்டுநர்கள் பழமையைக் கையால் செய்கிறார்கள். கற்செங்கலை உலையில் சுட்டால் விரிசல் விட்ட கல் கிடைக்கும். சுடாத கற்செங்கலுடன் கொடியைச் சேர்த்தால் பாசி படிந்த கல். இவற்றைச் சுவரில் எங்கே வைப்பது என்பதில்தான் ஆள் தெரிகிறான். கற்றுக்குட்டி எல்லா இடத்திலும் தூவுவான், சுவருக்கு அம்மை போட்டது மாதிரி ஆகிவிடும். தெரிந்தவர் பாசியைத் தரையை ஒட்டி, நிழல் விழும் பக்கத்தில், கூரைத்தண்ணீர் சொட்டும் கோட்டில் வைப்பார். மேலே போகப் போக வெளிறிய கல். பெய்தே இராத மழை எந்த வழியாக வடிந்திருக்கும் என்று அவர் யோசித்திருக்கிறார். வரலாறு இல்லாத இடத்துக்கு வரலாறு எழுதுவதுதான் இது. புனைகதை எழுதுபவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

2021இல் செம்பு வந்தது. அது மட்டும் தானாகவே கறுத்துப் பச்சையேறும், நான்கு நிலைகளில். தேன்மெழுகு தடவினால் நின்றுவிடும், கோடரியால் சுரண்டினால் ஒரு நிலை பின்னால் போகும். ஆனால் அதற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. குகைக்குள் வைத்தாலும் பச்சையாகும். இன்னொன்று, நீங்கள் அருகில் இருக்கும்போதுதான் ஆகும். ஆள் தூரப் போய்விட்டால் அந்தப் பகுதியில் காலமே நின்றுவிடும். இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

வீட்டைவிட நிலம் கஷ்டம். புதிதாக ஆடும் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றே ஒன்று: தரையைச் சமப்படுத்துவது. மேட்டை வெட்டு, பள்ளத்தை நிரப்பு, மரத்தைச் சாய். சதுரமான மைதானம் கிடைத்ததும் நடுவில் வீடு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த நிலத்தை யாரும் வரைந்ததில்லை, ஒரு விதை எண்ணிலிருந்து கணக்கு போட்டு எழுந்தது. அதே பதிப்பில் அதே எண்ணைக் கொடுத்தால் அதே மலை அதே இடத்தில் வரும். கணக்குதானே, வெட்டினால் என்ன? ஆனால் சமப்படுத்திய தரையில் நிற்கும் வீடு, எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், மேஜைமேல் வைத்த பொம்மைதான். சரிவை அப்படியே விட்டு, பின்சுவரைப் பாறைக்குள் செருகி, முன்பக்கம் மட்டும் தூணில் நிறுத்தும்போது வீட்டுக்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது. ஒரு வீடியோவில் பார்த்த பாதை நினைவிருக்கிறது. அது ஒரு மரத்தைச் சுற்றி வளைந்து போகும். மரத்தை வெட்ட மூன்று நொடி போதும், ஆனால் வெட்டவில்லை. மரம் முந்தி, பாதை பிந்தி என்பது பார்த்தவுடன் புரிந்தது. (பிறகுதான் தெரிந்தது, அந்த மரத்தையும் அவரே வைத்திருக்கிறார்!) இந்த இடத்தில் திணை, குறிஞ்சி என்று ஆரம்பிக்கலாம் என்று எனக்கும் தோன்றாமலில்லை. வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைன்கிராஃப்டில் ஒரு குளத்தை மண் போட்டு நிரப்பினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? எங்கேயும் போகாது. மண் பிளாக் வைத்த இடத்தில் இருந்த தண்ணீர் இல்லாமல் ஆகிவிடும். கரை மீறாது, பக்கத்து வயலில் ஏறாது. இரண்டு வாளித் தண்ணீரைச் சரியாக ஊற்றினால் வற்றாத கிணறும் கிடைக்கும். நான் முதல் உலகத்தில் ஒரு குளத்தை நிரப்பித்தான் வீடு கட்டினேன். அப்போது பிசகாக ஒன்றும் தோன்றவில்லை. 2015 டிசம்பரில், சென்னையில் நான் குடியிருந்த அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. நிரப்பிய இடத்துத் தண்ணீர் அங்கே இல்லாமல் ஆகவில்லை, இன்னொருவர் வீட்டைத் தேடிப் போயிருந்தது. இந்த முறை அந்த இன்னொருவர் நான். அதன் பிறகு விளையாட்டில் குளத்தை நிரப்பக் கை வரவில்லை.

இந்த அளவுகோலோடுதான் புகழ்பெற்ற மைன்கிராஃப்ட் கட்டுமானங்களைப் பார்க்கிறேன். 2014இல் டென்மார்க் அரசின் நிலத்தரவு முகமை முழு நாட்டையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் மைன்கிராஃப்டில் இறக்கியது. டென்மார்க்கின் உயரமான இடமே சுமார் 171 மீட்டர்தான், அன்றைய 256 பிளாக் உயர வரம்புக்குள் அடங்கிவிட்டது. நேபாளமாக இருந்திருந்தால் முடிந்திருக்காது. பிரம்மாண்டமான வேலைதான், ஆனால் அதில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தரவு எங்கே வை என்றதோ அங்கே பிளாக். சில வாரங்களில் சில ஆட்டக்காரர்கள் உள்ளே புகுந்து கட்டடங்களைத் தகர்த்து அமெரிக்கக் கொடி நட்டார்கள். வெடிமருந்தை முகமை தடை செய்திருந்தது, ஆனால் வெடிமருந்து ஏற்றிய தள்ளுவண்டியை மறந்துவிட்டார்கள். என்னைப் போன்ற தொழில்காரர்கள் ரசிக்கிற மாதிரியான ஓட்டை. அந்தப் பள்ளங்களில்தான் டென்மார்க் வரைபடத்தில் முதன்முறையாக ஒரு மனிதக் கை தெரிந்தது என்று சொன்னால் கோபிப்பார்கள்.

இன்னொன்று 'தணிக்கையற்ற நூலகம்'. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்புக்காக பிளாக்வொர்க்ஸ் என்ற வடிவமைப்புக் குழு கட்டி, 2020 மார்ச் 12 அன்று திறந்தது. 1.25 கோடி பிளாக்குகள். தங்கள் நாட்டில் தடை செய்யப்பட்ட கட்டுரைகளை, அங்கே தடை செய்யப்படாத ஒரு விளையாட்டுக்குள் புத்தகங்களாக வைத்தார்கள். கொலை செய்யப்பட்ட ஜமால் கஷோகியின் எழுத்தும் அதில் இருக்கிறது. இந்த யோசனையின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரச்சினை கட்டடத்தில்தான். மாபெரும் குவிமாடம், வரிசையாகத் தூண்கள், இடமும் வலமும் பிசகாத சமச்சீர், முன்னால் பேனாவைப் பிடித்த முஷ்டிச் சிலை. பழைய நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இந்தப் பாணியில்தான் என்பது சரி. தலைமைச் செயலகங்களும் நீதிமன்றங்களும்கூட இதே பாணிதானே? ஒளித்துப் படிக்க வேண்டிய எழுத்துக்கு இவ்வளவு நிமிர்ந்த வாசல் எதற்கு? தணிக்கையாளனே வீடு கட்டினால் இப்படித்தான் கட்டுவான். இல்லாத எடைக்கு அத்தனை தூண் நிறுத்தினார்கள், உண்மையிலேயே இருந்த பயத்துக்கு ஒரு மூலைகூட ஒதுக்கவில்லை. மலைக்குள் குடைந்த ஒரு பொந்தில், பாதையே இல்லாத இடத்தில் அந்தப் புத்தகங்களை வைத்திருந்தால் நான் மண்டியிட்டுப் போய்ப் படித்திருப்பேன்.

இத்தனை சொன்ன பிறகு அக்கா பையனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எடை இல்லாத உலகத்தில் எடை இருப்பதாக நடிப்பது கோழைத்தனம் இல்லையா? எடையில்லாத கட்டடக்கலையைத்தானே அங்கே கண்டுபிடிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் தேடி மிதக்கும் தீவுகள் கட்டும் வீடியோக்களைப் பார்த்தேன். நல்ல மிதக்கும் தீவு எதுவும் சும்மா மிதப்பதில்லை. அடிப்பக்கம் கூம்பாகக் குறுகும், பூமியிலிருந்து பிய்த்தெடுத்த பல் மாதிரி. வேர்கள் தொங்கும், சில சமயம் சங்கிலிகள் கீழே இழுத்துக் கட்டியிருக்கும். விதியை மீறுகிறவர்களும் மீறியதற்குச் சாட்சி வைக்கிறார்கள். இதோடு வாதத்தில் நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

ஆனால் ஊருக்குப் போகுமுன் என் உலகத்தில் அவனும் ஒன்று கட்டிவிட்டுப் போயிருந்தான். வானத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. கீழே தாங்கல் இல்லை, ஏற ஏணி இல்லை. உள்ளே ஒரு கட்டிலும் முப்பதுக்கு மேல் கோழிகளும். மேலே சொன்ன எந்த அளவுகோலாலும் அது நல்ல கட்டடம் இல்லை. ஆனால் என் வீட்டில் மூன்று மாதமாக நான் தூங்கியது இல்லை. அவன் அந்தப் பெட்டியில் ஒவ்வொரு ராத்திரியும் தூங்கினான், விளையாட்டுக்குள்ளே ராத்திரி வரும்போதெல்லாம், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு. அதை நான் இடிக்கவில்லை. கீழே ஒரு சங்கிலி கட்டிவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்து விட்டுவிட்டேன்.

இப்போது பழைய உலகத்துக்குத் திரும்பிப் போய், நிரப்பிய குளத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். வீடு நடுவில் நிற்பதால் முழுக்கத் தோண்ட முடியாது. கிழக்குப் பக்கம் பாதியைத் திறந்துவிட்டு, மீதிக்குச் சுற்றி ஒரு வாய்க்கால். மைன்கிராஃப்ட் தண்ணீர் சமதரையில் ஊற்றிலிருந்து ஏழு பிளாக் வரைதான் ஓடும், அதற்கு மேல் நின்றுவிடும். அதனால் ஏழு பிளாக்குக்கு ஒரு தடவை ஒரு படி இறக்க வேண்டியிருக்கிறது. ஆற்றுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு படி பாக்கி.