'ஸ்டேர்', 'கெய்ப்': பெயர்ப்பில் ஒரு வழு

பார்வை குறித்த ஆங்கிலச் சொற்களுள் 'ஸ்டேர்', 'கெய்ப்' என்னும் இரண்டையும் மொழிபெயர்ப்பாளர் சிலர் 'உற்றுநோக்கினான்' என்றே பெயர்த்துச் செல்வர். இது பொருந்துமாறு இல்லை. 'ஸ்டேர்' பழைய ஆங்கிலச் சொல். விறைத்தலைக் குறிக்கும் ஜெர்மானிய வேரினது. அங்கே விறைப்பது கண். 'கெய்ப்' என்பதோ பழைய நார்ஸ் மொழியினின்று புகுந்தது. அதன் முதற்பொருள் வாய்திறத்தலே. இடைவெளியை உணர்த்தும் 'கேப்' அதற்கு உறவுச்சொல். நோக்குதல் என்பது பின்னர் ஏறிய பொருள். ஆகவே, 'கெய்ப்' என்னும் வினைக்குரியவன் வியப்பால் தன்னை மறந்தவன். சிலவிடத்துப் பேதைமையும் உடன்தோன்றும். அவனை 'உற்றுநோக்கினான்' என்றால் ஆராய்பவன் ஆக்கிவிடுகிறோம். ஆசிரியர் கருதிய நகை கெடுகிறது. எழுத்துப் பிறப்பிற்குத் தொல்காப்பியர் ஆண்ட 'அங்காத்தல்' நம்மிடம் உண்டு. அதிலோ நோக்கு இல்லை. 'வாய்பிளந்து நோக்கினான்' என்பதே, சற்று நீண்டதாயினும், யான் கொள்வது.