மாவுருண்டையும் ரப்பர் தவளையும்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால், 2021 நவம்பரைப் போல, பாலாறு கரை முட்ட ஓடும். வெள்ளம் வடிந்து மடுக்களில் நீர் தேங்கினால் தூண்டிலுக்கு வேலை வந்துவிடும்.

இரைக்குப் பெரிய செலவில்லை. கெளுத்திக்கு மண்புழு போதும். ஈர மண்ணைக் கொத்தினால் கிடைக்கும். கெளுத்தி அடியில் மேய்வதால் ஈயக்குண்டு கட்டி இறக்க வேண்டும். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் மைதா மாவு. பட்டாணி அளவு உருட்டி, முள்ளின் நுனி மறையச் செருகுவார்கள். பிசையும்போது தண்ணீர் கூடிவிட்டால், வீசிய வேகத்திலேயே மாவு கழன்றுவிடும்.

விரால் வேறு ரகம். காற்றை விழுங்க மேலே வரும் மீன். கொடிகளுக்கிடையே ஏதாவது அசைந்தால் பாயும். அதற்குத்தான் ரப்பர் தவளை. இரட்டை முள் முதுகோடு ஒட்டிக் கிடப்பதால் ஆகாயத்தாமரையில் எளிதில் சிக்காது. விரால் கவ்வியதும் உள்ளே காலியான உடல் அமுங்கி, முள் வெளிப்படும்.

கடையில் தொங்கும் பளபள நிறங்கள் முதலில் பிடிப்பது தூண்டில்காரரைத்தான். கலங்கிய நீரில் நிறத்தைவிடச் சலசலப்பே முக்கியம். மலிவான தவளையே போதும். விரால் பல் பட்டுக் கிழிந்தால், ஓட்டையில் பசை தடவிக் காயவைத்து மறுபடி வீசலாம்.