பட்டியலும் பயன்பாடும்: ஸ்பானியத்தில் உடைமையாளரைக் குறிக்கும் சொற்கள்

பொருளால் நெருங்கிய சொற்களை ஒன்றாகத் திரட்டிக் கற்கும் முறை, அதாவது பொருட்புலத் தொகுப்பு, அயல்மொழிப் பாடநூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. துவேஞோ, ஆமோ, பத்ரோன், செஞோர், புரோபியெத்தாரியோ ஆகிய ஸ்பானியச் சொற்களை ‘உரிமையாளர், எசமான்’ என்னும் தலைப்பின்கீழ் அடுக்குவது அதற்கு நல்ல சான்று.

இம்முறையின் முதன்மையான பயன் சொற்களின் வேர்கள் அருகருகே தெரிவதாகும். துவேஞோ, வீட்டுத் தலைவனைக் குறித்த ‘டோமினுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்தும், செஞோர் ‘மூத்தவர்’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்தும், பத்ரோன் தந்தையைக் குறிக்கும் வேரிலிருந்தும் பிறந்தவை. ஆகவே வீடு, மூப்பு, தந்தைமை என அதிகாரம் ஊன்றி நின்ற மூன்று நிலைகளையும் கற்பவர் ஒரே பார்வையில் உணர்கிறார்.

ஆயினும், முதன்முறையாகக் கற்பவருக்கு இந்த நெருக்கமே இடையூறாகிறது. சொற்கற்றல் ஆய்வாளர்களான டிங்கம் 1993இலும் வேரிங் 1997இலும் வெளியிட்ட சோதனை முடிவுகள், ஒத்த பொருட்புலச் சொற்களை ஒருங்கே கற்பது, தொடர்பற்ற சொற்களைக் கற்பதைவிடக் கடினமானது எனக் காட்டின.

இதனினும் பெரிய குறை, பட்டியல் சொற்களுக்கிடையே சமக்குறி இட்டுவிடுவதாகும். புரோபியெத்தாரியோ சொத்து ஆவணங்களுக்கு உரிய சொல்; துவேஞோ வீடு, கடை, நாய் என எதன் உடைமையாளருக்கும் அன்றாடப் பேச்சில் வழங்குவது; ஆமோ என்பதோ பணிபுரிபவர் ஒருவர் இருந்தாலன்றி முழுப்பொருள் பெறாதது. 1554இல் அச்சான ‘லாசரில்யோ தே தோர்மெஸ்’ புதினத்தில் சிறுவன் லாசரோ பார்வையற்றவர், பாதிரியார் ஆகியோருக்குப் பின் ஒரு வறிய குலமகனிடம் பணிக்குச் சேர்கிறான். உண்ண ஏதுமற்ற அவருக்குச் சிறுவனே இரந்து வந்து உணவளிக்கிறான். உடைமை ஏதுமின்றியும் அவர் அவனுக்கு ஆமோவே. அச்சொல்லின் பெண்பால் வடிவம் அமைந்த ‘ஆமா தே காசா’ என்னும் தொடர் இல்லத்தரசியைக் குறிக்கிறதே தவிர, வீட்டின் சட்டப்படியான உரிமையாளரை அன்று. தமிழில் ‘வீட்டுக்காரர்’ ஓரிடத்தில் வாடகை பெறுபவரையும் மற்றோரிடத்தில் கணவரையும் குறிப்பதை அறிந்தவர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்.

எனவே பொருட்புலத் தொகுப்பு, கற்றவற்றை ஒழுங்குபடுத்த உதவுமே அன்றி, கற்றலின் தொடக்கமாக அமையத் தக்கதன்று. ஒவ்வொரு சொல்லையும் யார், யாரை, எந்த உறவில் அழைக்கிறார் என்பதோடு தனித்தனியே கற்றபின் ஒப்பிடுவதே முறையாகும்.