சுவையும் வர்க்கமும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

இலக்கியத் திறனாய்வில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஆங்கிலச் சொற்களுள் 'ரேஸ்ற்' என்பதும் ஒன்று. நாவின் சுவை, கலையைத் துய்க்கும் தகைமை, தனிமனித விருப்பு ஆகிய மூன்றையும் அது குறிக்கும். இப்பொருள்கள் ஒரே காலத்தில் தோன்றியவையல்ல. அவற்றின் வளர்ச்சியை நோக்குமிடத்து, அதன் பின்னணியிலுள்ள சமூக உறவுகள் புலனாகும்.

13ஆம் நூற்றாண்டளவில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்த இச்சொல், தொடக்கத்தில் தொட்டறிதல், சோதித்தறிதல் என்னும் பரந்த பொருளை உடையதாயிருந்தது. நாவின் சுவையே அதன் தலைமைப் பொருளானமை பிந்திய நிகழ்வாகும். சமூகமும் பண்பாடும் பற்றிய சொற்களை ஆராய்ந்து 1976இல் வெளியிட்ட நூலில் றேமண்ட் வில்லியம்ஸ் இதனை எடுத்துக்காட்டியுள்ளார்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வணிக மூலதனமும் நிலவுடைமையும் கைகோத்த சூழலிலேயே அது திறனாய்வுக் கலைச்சொல்லாக நிலைபெற்றது. 1712இல் 'ஸ்பெக்டேற்றர்' இதழில் எழுதிய அடிசன், பத்து வகைத் தேயிலையை நிறம் பாராமலே சுவைத்துப் பிரித்தறியும் ஒருவரை இலக்கியச் சுவைஞருக்கு ஒப்புமையாகக் காட்டினார். அக்காலத்திலே தேயிலை, கிழக்கிந்தியக் கம்பனி சீனாவிலிருந்து கொணர்ந்த விலையுயர்ந்த பண்டமாகும். உழைக்கும் மக்களுக்கு ஒரு வகைத் தேயிலையே அரிதாயிருந்தபோது, பத்து வகையைப் பிரித்தறியும் ஆற்றல் எவருக்கு வாய்த்திருக்கும்?

1757இல் சுவைக்குப் பொது அளவுகோல் தேடிய ஹியூம், பயிற்சியும் ஒப்புநோக்கும் தப்பெண்ணமின்மையும் விமர்சகனுக்கு வேண்டுமென்றார். இவை தக்க நிபந்தனைகளே. ஆயின், அவற்றுக்கு வேண்டிய ஓய்வும் கல்வியும் நூல்களும் எவரிடம் இருந்தன என்பது அவருடைய வினாவாக அமையவில்லை. இவ்வாறு வர்க்க வாய்ப்பின் விளைவு, பிறவி நுண்ணுணர்வாகத் தோற்றமளிக்கலாயிற்று. செயலற்ற உடற்புலன் ஒன்றிலிருந்து பெறப்பட்ட உருவகம் என 1815இல் வேர்ட்ஸ்வேர்த் இச்சொல்லைக் குறைகூறியமையும் மனங்கொள்ளத்தக்கது. வாசகன் தன் மனவாற்றலைச் செலுத்தியே கவிதையை உணர்கின்றான் என்பது அவர் கருத்து. பின்னர் முதலாளித்துவச் சந்தை அச்சொல்லை நுகர்வோன் விருப்பமாகச் சுருக்கியது.

நம்மவர் இதற்கு ஈடாகச் 'சுவை', 'இரசனை' என்னும் சொற்களை வழங்குவர். சுவையின் பெயரால் வர்க்கத் தீர்ப்பு வழங்கப்படுதலை நம்மிடையேயும் காணலாம். 1960களின் முற்பகுதியில், ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் ஒடுக்கப்பட்டோரின் பேச்சுவழக்கைப் புனைகதையிற் கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை 'இழிசனர் இலக்கியம்' எனப் பழித்தனர். மொழித்தூய்மை, இலக்கியத்தரம் ஆகியவற்றின் பெயரால் ஒலித்த அக்குரலிற் சாதியின் குரலும் கலந்திருந்தது.

இதனாற் சுவை என்னும் அளவையை முற்போக்காளர் கைவிடல் வேண்டும் என்பது பெறப்படாது. கருத்துச் சரியாயிருந்தாற் போதும் என அமைந்துவிடும் விமர்சனம், கலைத்திறன் பற்றிய பேச்சு முழுவதையும் எதிரணியினரிடமே ஒப்படைத்துவிடுகின்றது. அத்தகைய விமர்சனம் உழைக்கும் மக்களுக்குத் தரங்குறைந்த எழுத்தே போதும் எனக் கருதுவதாகவும் முடியும். சுவை பயிற்சியால் வருவது என்பதில் ஹியூம் தவறவில்லை. அப்பயிற்சிக்கான வாய்ப்பை எல்லோருக்கும் உரியதாக்கப் போராடுவதும், மக்கள் எழுத்தைத் தொட்டும் சோதித்தும் தயவுதாட்சணியமின்றி மதிப்பிடுவதும் இன்றைய திறனாய்வின் இரு கடமைகளாகும். ஒன்றை விடுத்து மற்றொன்றை நிறைவேற்ற இயலாது.