பங்கிடப்பட்ட வைத்தியசாலை

ஒரு நூலை அதன் சொல்லழகு கொண்டு மட்டும் மதிப்பிடுவதை நாம் ஏற்பதில்லை. அது எவருடைய வாழ்வைப் பேசுகிறது, எவருடைய தேவையை மறைக்கிறது என்று கேட்பதே நமது விமரிசன முறை. அதே கேள்வியை ஒரு சட்டத்தின் வாசகத்திடமும் கேட்கலாம். 1987இல் இலங்கை அரசியலமைப்பிற் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையை இனப்பிரச்சினையின் கோணத்திலிருந்து நாம் பன்முறை வாசித்திருக்கிறோம். நோயாளியின் கோணத்திலிருந்தும் அதனை வாசித்தாக வேண்டும்.

அட்டவணையின் முதலாம் பட்டியல், பொது வைத்தியசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், பிரசவ விடுதிகள், மருந்தகங்கள் ஆகியவற்றை அமைத்துப் பேணும் பொறுப்பை மாகாணத்திடம் ஒப்படைக்கிறது. உடனேயே விலக்குகளும் வருகின்றன. போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு நோக்கத்துக்கென அமைந்த வைத்தியசாலைகளும் மாகாணத்துக்கு உரியனவல்ல. மருந்துக் கொள்வனவும் உரியதன்று. இரண்டாம் பட்டியலோ, எல்லாத் துறைகளினதும் தேசியக் கொள்கையை மத்திய அரசுக்கே ஒதுக்குகிறது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சுக்குரியது. அங்கு நோயாளரை அனுப்பிவைக்கும் கிராமத்து வைத்தியசாலை மாகாணத்துக்குரியது. நோய் ஒன்று, நோயாளி ஒருவர், பணம் வரும் வழிகளோ இரண்டு.

பணத்தைப் பற்றியும் அரசியலமைப்பு பேசாமலில்லை. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்படி, மாகாணங்களின் தேவைக்குப் போதிய நிதியை மத்திய அரசு ஒதுக்கவேண்டும். குடித்தொகை, தலைக்குரிய வருமானம், ஏற்றத்தாழ்வுகளைப் படிப்படியாகக் குறைக்கும் தேவை என்பன கவனிக்கப்படவேண்டும். வாசகத்திற் குறை காண்பதற்கில்லை. ஆயின் ஆணைக்குழுவின் ஐந்து உறுப்பினருள் இருவர் மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளருமாவர். மூன்று பெரும் சமூகங்களின் பிரதிநிதிகளாக நியமிக்கப்படுவோர் ஏனைய மூவர். மாகாண சபைகள் தெரிந்தனுப்பும் உறுப்பினர் ஒருவரேனும் அங்கு இல்லை. கேட்பவனுக்கு இருக்கை இல்லாத பேரத்தைப் பேரம் என்று எவ்வாறு அழைப்பது?

மாகாணத்தின் சொந்த வருவாயும் தேய்ந்தது. அது தானே அறவிட்டுவந்த புரள்வு வரி 2011இன் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. ஈடாக, மத்திய அரசின் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு தரப்பட்டது. 2019 டிசம்பரில் அந்த வரியும் ஒழிக்கப்பட்டது. கையிலிருந்ததைக் கொடுத்துப் பெற்ற பங்கு, மாகாணத்தின் சம்மதமின்றியே மறைந்தது. வந்துசேரும் தொகுதி மானியத்தின் பெரும்பகுதி ஊழியர் சம்பளத்துக்கே செல்கிறது.

இதன் பொருளைப் பேலியகொடை நமக்குக் காட்டியது. 2020 ஒக்டோபரில் அங்குள்ள மத்திய மீன் சந்தையிற் கொரோனாத் தொற்றுப் பரவியது. சந்தை மூடப்பட்டது. தொற்றுக்குள்ளானோரைத் தேடி வீதி வீதியாகச் சென்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மாகாணச் சுகாதார அமைப்பைச் சேர்ந்தவர்கள். அங்கொடையிலுள்ள தொற்றுநோய் வைத்தியசாலையோ மத்திய அமைச்சுக்குரியது. மீன் கூடை சுமப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவேண்டியதில்லை. ஆனால் அவர் சார்பிற் கேள்வி கேட்க மேல் மாகாணத்தில் அப்பொழுது சபையே இருக்கவில்லை. அதன் காலம் 2019 ஏப்பிரலில் முடிந்திருந்தது. 2014இல் ஊவாவில் நடந்த தேர்தலுக்குப் பின் பத்தாண்டு கடந்தும் எந்த மாகாணமும் வாக்களிக்கவில்லை. ஆளுநர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர். ஆகவே மத்தி தன்னிடமே கேட்டுத் தனக்கே விடையளிக்கிறது.

இங்கே நம்மவரிடையே இரு குரல்கள் எழுகின்றன. வைத்தியசாலைகள் அனைத்தையும் மத்தியே பொறுப்பேற்கட்டும் என்பது ஒன்று. அனைத்தும் மாகாணத்துக்கே வரட்டும் என்பது மற்றது. முதற்குரலில் ஓர் உண்மை உண்டு. மருந்துகளை நாட்டுக்கென மொத்தமாகக் கொள்வனவு செய்தால் விலை குறையும் என்பதைப் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் மெய்ப்பித்தது. இரண்டாவது குரலிலும் உண்மை உண்டு. கனடாவிற் சஸ்காச்சுவான் மாகாணத்தின் சோசலிச அரசு 1947இல் வைத்தியசாலைக் காப்புறுதியைத் தொடக்கியது. பத்தாண்டின் பின், 1957இல், மத்திய அரசு மாகாணங்களின் அத்தகைய செலவில் ஏறத்தாழப் பாதியை ஏற்கச் சட்டமியற்றியது. மாகாணம் முன்னே நடந்தது, மத்தி பின்னே வந்தது. அதற்குக் காரணம், மக்களுக்குப் பதில் சொல்லவேண்டிய சட்டசபை ஒன்று அம்மாகாணத்தில் இருந்தமையே.

நமது வரலாறும் இதனையே கூறுகிறது. 1934–35இன் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்று உழைத்தனர். 1931இலேயே சர்வசன வாக்குரிமை பெற்றுவிட்ட மக்களின் துயரை ஆட்சியாளர் எளிதிற் புறக்கணிக்க முடியவில்லை. இலவச வைத்தியம் எவரும் மனமிரங்கி ஈந்த தருமமன்று. வாக்கும் போராட்டமும் ஈட்டிய உரிமை.

ஆதலால், வைத்தியசாலையின் பெயர்ப்பலகையில் எந்த அரசின் பெயர் இருக்கவேண்டும் என்பது நமது முதற் கேள்வியன்று. மாகாண சபைத் தேர்தல், நிதி ஆணைக்குழுவில் மாகாணங்கள் தெரிந்தனுப்பும் உறுப்பினர், மத்தி ஒருதலையாக நீக்கமுடியாத வருவாய்ப் பங்கு: இம்மூன்றும் வேண்டும். மருந்துக் கொள்வனவு மத்தியிடமே இருக்கட்டும். எந்த மருந்து எவ்வளவு தேவை என்பதைச் சொல்லும் உரிமை மாகாணத்திடம் இருக்கட்டும். இவற்றைக் கோருவது சுகாதார ஊழியரின் வேலை மட்டுமன்று. வகுப்பறையில் அரசியலமைப்பைக் கற்பிப்போரும் கற்போரும் அதன் ஒன்பதாம் அட்டவணையை நோயாளியின் பக்கத்தில் நின்று வாசிக்கத் தொடங்குவார்களாயின், அக்கோரிக்கைக்குக் குரல் கிடைக்கும்.