ஈரத்துக்கும் எடை உண்டு

மயிலாப்பூரில் கோயில் கொண்டிருக்கும் வள்ளுவர், 1037ஆம் குறளில் உழவனுக்கு ஓர் அளவு சொல்கிறார். உழுத மண் ஒரு பலம் கால் பலமாகச் சுண்டும்வரை காயட்டும். பிறகு ஒரு பிடி எருகூடத் தேவையில்லை. சாதாரண வயல் மண்ணில் முக்கால் பங்கு எடை குறையுமளவுக்கு நீர் இருக்காது. ஆகவே அந்த விகிதத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஈரத்தை எடையால் அறியலாம் என்ற யோசனை அபாரமானது. இன்றைய ஆய்வகமும் ஈர மண்ணை நிறுத்து, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி நிறுத்துத்தான் கணக்குச் சொல்கிறது.

வயலில் அதற்கெல்லாம் நேரமில்லை. காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். சேறாக இருந்தால் விதை அழுகும், காய்ந்திருந்தால் முளைக்காது. அந்தப் பதத்தைச் சொல்வது காலும் கையும்தான். செலவில்லை, உடனே தெரியும், சொந்த நிலத்தில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மண் மாறும்போதுதான் கை தடுமாறுகிறது. ஏரியைத் தூர்த்து 1920களில் உருவான தி.நகரின் களியும் பெசன்ட் நகரின் கடற்கரை மணலும் ஒன்றல்ல. களி உருண்டை பிடிக்கும், ஈரமாகவே தெரியும். அந்த நீரில் ஒரு பகுதியை வேரால் இழுக்க முடியாது. மணலில் இருப்பது கொஞ்சம்தான் என்றாலும் பெரும்பகுதி செடிக்குக் கிடைத்துவிடும்.

கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டி நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளால் பதில் சொல்கிறது. எண்களோடு மல்லுக்கட்டாமல் நீர் பாய்ச்சுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். பெரிய உதவி இது. ஆனால் எந்தக் கருவியும் குத்திய இடத்தின் ஈரத்தைத்தான் சொல்லும். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று பார்க்காமல் விதைப்பது ஆபத்து. மின்கடத்தலை வைத்துக் கணிக்கும் மலிவான கருவிகளுக்கோ நீரிலுள்ள உப்பும் ஈரமாகவே தெரியும். ஆழ்துளைக் கிணறு உவர்ந்துபோன தெருக்களில் அவற்றை நம்பக் கூடாது.

அடையாறு மாடித் தோட்டங்களில் நிலைமை இன்னும் சிக்கல். தென்னை நார்க் கழிவு நிரப்பிய பையில் மேலே ஓர் அங்குலம் பொரபொரவென்று காய்ந்திருக்கும். அடியில் நீர் சொட்டும். விரல் வைத்துப் பார்த்தவர் மறுபடி ஊற்றுவார், கத்தரி நாற்றின் வேர் அழுகும். இங்கே பையைத் தூக்கிப் பார்ப்பதே நல்ல சோதனை: நனைந்தபோது எவ்வளவு கனம், வாடத் தொடங்கும்போது எவ்வளவு என்று கை பழகிவிடும். செடி வளர வளர அதன் எடையும் சேரும் என்பதால், நாற்று நடும் நாட்களில்தான் இந்தக் கணிப்பு துல்லியம். தூக்க முடியாத பெரிய தொட்டிக்கு அடிவரை ஒரு குச்சியைச் செருகி எடுத்துப் பார்ப்பதே எளிய வழி.