புத்தர் எரிந்த நூலகம்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஈழத் தமிழர் தம்மைத் தனித் தேசிய இனமாக உணர்ந்ததில் அத்தீக்குப் பெரும் பங்குண்டு. அத்துயரைப் பாடிய எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யில், அரச காவலரால் சுட்டுக் கொல்லப்படுபவர் தமிழரல்லர், புத்தர். அவருடலே நூல்களோடு எரிக்கப்படுகிறது. கள்ளக்குறிச்சியில் நம் வாசகர் சிலர் இதனை மழுப்பல் என்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. கொளுத்தியோர் தம் சமயத்தையே கொளுத்தினர் என்றுரைக்கப் பகைமையினும் மிகுந்த துணிவு வேண்டும். துயரில் வளர்ந்த இனவுணர்வோ அத்துணிவைக் கற்கவில்லை. 1990 அக்டோபரில், கவிஞரின் சமயத்தவரான வடபுல முஸ்லிம்கள், தமிழே பேசியவர்கள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்நகர் முஸ்லிம்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம்.